சிறுநீரில் நான்கு பிளஸ் சர்க்கரை: இதில் சோடியத்துக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 62 வயது, பல வருடங்களாகச் சர்க்கரை நோய். ஒரு மாதத்துக்கு முன்பு டாக்டர் டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரையைச் சேர்த்திருக்கிறார். இப்போது வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 124, சிறுநீரகம் வடிகட்டுவதைக் காட்டும் கிரியேட்டினின் 1.0, ஆனால் சிறுநீர் ரிப்போர்ட்டில் சர்க்கரைக்கு நேரே நான்கு பிளஸ். "கிட்னி போய்விட்டதா? மாத்திரையைப் பற்றிப் படித்தால் சோடியம், குளுக்கோஸ் என்று சேர்த்துச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள், உப்புக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?"

முதலில் பயம் தீரட்டும். அந்த நான்கு பிளஸ் மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். அதைச் சாப்பிடுகிற எல்லாருக்குமே சிறுநீரில் சர்க்கரை வரும், வரவேண்டும். ஆனால் இதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை, ஏனென்றால் இரண்டாவது கேள்விதான் உண்மையில் பெரிய கேள்வி. உப்புக்கும் சர்க்கரைக்கும் உள்ள சம்பந்தம் புரிந்துவிட்டால் இந்த ரிப்போர்ட் மட்டுமல்ல, வாந்தி பேதிக்கு ஓஆர்எஸ் ஏன் கொடுக்கிறோம், சர்க்கரை ஏறினால் ஏன் அடிக்கடி சிறுநீர் போகிறது, இதய நோயாளிக்கு ஏன் சர்க்கரை மாத்திரை எழுதுகிறார்கள் என்பதெல்லாம் ஒரே கயிற்றில் கோத்ததுபோல வந்து நிற்கும். நான் உடலியங்கியல் பாடம் நடத்துகிறவன். வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்வதையே இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சிறுநீரகம் வேலை செய்கிற விதமே விசித்திரமானது. கெட்டதை மட்டும் பொறுக்கி வெளியே போடுவதில்லை. ரத்தத்தில் இருக்கிற சிறிய மூலக்கூறுகள் எல்லாவற்றையும், நல்லது கெட்டது பார்க்காமல், முதலில் வடிகட்டிக் குழாய்க்குள் கொட்டிவிட்டு, அப்புறம் வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிகிறது, அதாவது நாளைக்கு 180 லிட்டர். உடலில் இருக்கிற பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியே, மூன்று லிட்டர் சொச்சம்தான், ஆக அதே நீர் ஒரு நாளில் ஐம்பது அறுபது தடவை வடிகட்டப்படுகிறது. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 125 மில்லிகிராம் குளுக்கோஸ் அந்தக் குழாய்களுக்குள் விழுகிறது. ஒரு நாளைக்கு 180 கிராம். இது 720 கலோரி, நல்ல ஒரு வேளைச் சாப்பாடு. அதே 180 லிட்டரில் போகிற சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வருகிறது! இத்தனையும் திரும்ப வராவிட்டால் ஒரு பொழுதுகூடத் தாங்காது. ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரில் ஒரு நாளைக்குப் போகிற குளுக்கோஸ் அரை கிராம்கூடத் தேறாது. மீதி எல்லாம் ரத்தத்துக்கே வந்துவிடுகிறது, அதுவும் குழாயின் முதல் பகுதியிலேயே, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்குள்.

எப்படி?

குளுக்கோஸ் தானாகச் செல்லுக்குள் நுழைய முடியாது. செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது, குளுக்கோஸோ தண்ணீரை ஒட்டிக்கொள்கிற பொருள், அதனால் வாசல் வேண்டும். வாசல் மட்டும் இருந்தாலும் போதாது. குழாயில் போகப் போகக் குளுக்கோஸ் குறைந்துகொண்டே வருகிறது, கடைசித் துளி வரை உறிஞ்சவேண்டுமென்றால் ஒரு கட்டத்தில் வெளியே மிகக் குறைவு, செல்லுக்குள்ளே அதிகம் என்கிற நிலை வந்துவிடும். அப்போது வெறும் திறந்த வாசல் இருந்தால் சர்க்கரை உள்ளிருந்து வெளியேதான் ஓடும், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. மேட்டை நோக்கி ஏற்ற யாராவது உழைத்தாகவேண்டும்.

அந்த உழைப்பைப் போடுவது சோடியம் பம்ப். குழாயின் சுவரில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு முகம் உண்டு, ஒன்று குழாய்ப் பக்கம், இன்னொன்று ரத்தப் பக்கம். ரத்தப் பக்கத்துச் சவ்வில் மட்டும் இந்தப் பம்புகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. செல்லின் எரிபொருள் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். இதை 1957-ல் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ நண்டு நரம்புகளில் கண்டுபிடித்தார், நாற்பது வருடம் கழித்து 1997-ல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பம்ப் ஓயாமல் ஓடுவதால் வெளியே சோடியம் 140 மில்லிமோல் இருக்க, செல்லுக்குள் 10-15 மில்லிமோல்தான் மிஞ்சும். போதாக்குறைக்குச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின்னாக இருக்கும். நேர்மின்னேற்றம் கொண்ட சோடியத்துக்கு இரண்டு விதத்திலும் உள்ளே இழுப்புதான்: உள்ளே ஆள் குறைவு, உள்ளே மின்னழுத்தமும் கூப்பிடுகிறது. வழி கிடைத்தால் பாய்ந்துவிடும்.

வீட்டில் மோட்டார் போட்டுத் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றி வைத்துக்கொள்கிறோம். அப்புறம் சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாக வருகிறது, அந்த நேரத்தில் மோட்டார் ஓடவேண்டிய அவசியமில்லை, மின்சாரமே இல்லாவிட்டாலும் வரும். அந்த வேகம் மோட்டார் முன்பே போட்டு வைத்த உழைப்பு. சோடியம் பம்ப் அந்த மோட்டார், சோடியம் அந்தத் தண்ணீர். குழாய்ப் பக்கத்துச் சவ்வில் இருக்கிற வாசல் சோடியத்தை உள்ளே விடுகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: வரும்போது ஒரு குளுக்கோஸையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். அந்த வாசலுக்குப் பெயர்தான் சோடியம் குளுக்கோஸ் இணைக் கடத்தி, சுருக்கமாக எஸ்ஜிஎல்டி. குளுக்கோஸை ஏற்றுவதற்கு இந்த வாசல் தனியாக ஏடிபி எதையும் செலவழிப்பதில்லை. சோடியம் இறங்குகிற வேகத்தில் சர்க்கரை ஏறுகிறது.

இந்த யோசனையை முதலில் தெளிவாக முன்வைத்தவர் ராபர்ட் கிரேன், 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில். அவர் பேசியது குடலைப் பற்றி. ஒரு பொருள் கீழே ஓடுகிற வேகத்தில் இன்னொரு பொருளை மேலே இழுக்கமுடியும் என்கிற அந்த ஒற்றை யோசனை அதற்குப் பிறகு பாக்டீரியா முதல் மூளை நரம்பு வரை எங்கே தேடினாலும் கிடைத்தது. என்னைக் கேட்டால் இருபதாம் நூற்றாண்டு உடலியங்கியலின் மிக அழகான யோசனைகளில் இது ஒன்று. 1987-ல் எர்னஸ்ட் ரைட்டின் கலிஃபோர்னியா ஆய்வுக்கூடம் முயல் குடலிலிருந்து அந்தப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தபோதுதான் கிரேன் சொன்ன வாசல் கைக்கு வந்தது.

அந்தப் புரதம் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் இப்போது நன்றாகத் தெரியும். சவ்வை 14 முறை குறுக்காகத் தைத்ததுபோல ஊடுருவி நிற்கிற ஒரு நீண்ட சங்கிலி அது. நடுவில் ஒரு குழி. அந்தக் குழி ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் திறந்திருக்கும், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் திறக்கவே திறக்காது, திறந்தால் ஏற்றி வைத்த எல்லாம் ஒழுகிவிடும். குழாய்ப் பக்கம் திறந்திருக்கும்போது முதலில் சோடியம் வந்து உட்காரும். அது உட்கார்ந்ததும் குழியின் வடிவம் கொஞ்சம் மாறி, குளுக்கோஸ் பொருந்துகிற மாதிரி ஆகும். குளுக்கோஸும் வந்து சேர்ந்ததும் வெளிக்கதவு மூடும், உட்கதவு திறக்கும், செல்லுக்குள் சோடியம் குறைவாக இருப்பதால் சோடியம் கழன்று போகும், குளுக்கோஸும் போகும், காலிக் குழி மறுபடி வெளிப்பக்கம் திரும்பும். இதை ஒரு நொடிக்குள் பலமுறை செய்கிறது. செல்லின் குழாய்ப் பக்கம் தூரிகை முடிபோல ஆயிரக்கணக்கான நுண்ணிய நீட்சிகளாக இருப்பதால் இப்படிப்பட்ட வாசல்களை வைக்க ஏராளமான இடம் கிடைக்கிறது.

செல்லுக்குள் வந்த குளுக்கோஸ் அடுத்து ரத்தத்துக்குப் போகவேண்டும். இந்தப் பக்கம் உழைப்பே தேவையில்லை, ஏனென்றால் செல்லுக்குள் சர்க்கரை குவிந்துவிட்டது, ரத்தப் பக்கத்துச் சவ்வில் க்ளூட்-2 என்ற சாதாரண வாசல் இருக்கிறது, பள்ளத்தை நோக்கி ஓடுவதுபோல வெளியேறிவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இத்தனை சர்க்கரையைக் கையாளுகிற அந்தச் செல் தனக்கென்று அதை எரிப்பதே இல்லை என்று சொல்லலாம். அதற்கு எரிபொருள் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்கள். அதனால்தான் வந்த குளுக்கோஸ் குறையாமல் ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள்: இந்த வழியில் இன்சுலின் கட்டளை தேவையில்லை. தசையிலும் கொழுப்பிலும் இருக்கிற க்ளூட்-4 வாசலுக்குத்தான் இன்சுலின் வேண்டும். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் குளுக்கோஸைத் திரும்ப எடுப்பதில் கொஞ்சமும் பின்வாங்குவதில்லை.

சரி, எஸ்ஜிஎல்டி என்று பொதுவாகச் சொன்னேன், சிறுநீரகத்தில் அது இரண்டு வகை. குழாயின் தொடக்கத்தில் இருப்பது எஸ்ஜிஎல்டி-2. அது ஒரு குளுக்கோஸுக்கு ஒரு சோடியத்தை எடுத்துக்கொள்ளும். குளுக்கோஸ் நிறைய இருக்கிற இடத்தில் மொத்தமாக அள்ளுகிற வேலை அதனுடையது, திரும்ப வருகிற சர்க்கரையில் ஏறக்குறைய 90 சதவீதம் இதன் வழியாகத்தான். கொஞ்ச தூரம் தள்ளி, குழாயின் அந்த முதல் பகுதி முடிகிற நேரான இடத்தில், எஸ்ஜிஎல்டி-1 இருக்கிறது. அது ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம் கேட்கும். ஏன் இரண்டு? இதுதான் கணக்கின் சுவாரசியமான இடம். ஒரு சோடியம் இறங்குகிற விசையால் குளுக்கோஸை வெளியே இருப்பதைவிட உள்ளே நூறு மடங்கு வரை குவிக்கமுடியும். இரண்டு சோடியம் சேர்ந்து இறங்கினால் அது கூட்டல் ஆகாது, பெருக்கல் ஆகும், நூறு நூறாகப் பத்தாயிரம் மடங்கு. தொடக்கத்தைத் தாண்டி வருகிற நீரில் குளுக்கோஸ் சொற்பம்தான், அந்தச் சொற்பத்தையும் வழித்தெடுக்க அதிக விசை தேவை, அதற்காகக் கூடுதல் சோடியத்தைச் செலவிடுகிறது. நிறைய இருக்கிற இடத்தில் மலிவான முறை, கொஞ்சம் இருக்கிற இடத்தில் விலை உயர்ந்த முறை. சிறுநீரகத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சிக்கனமான ஏற்பாடு இது.

இதற்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. வாசல்களின் எண்ணிக்கை அளவானது, ஒவ்வொன்றும் ஒரு நொடிக்கு இத்தனை என்றுதான் கடத்தும். எல்லா வாசலும் ஓய்வில்லாமல் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 375 மில்லிகிராம் குளுக்கோஸைத் திரும்ப எடுக்கலாம், அதற்குமேல் முடியாது. இப்போது ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிகிறது, 375 மில்லிகிராம் எல்லை, அப்படியென்றால் ரத்தச் சர்க்கரை 300-ஐத் தாண்டினால்தானே சிறுநீரில் சர்க்கரை வரவேண்டும்? ஆனால் நடைமுறையில் 180-ஐத் தாண்டினாலே தலைகாட்ட ஆரம்பிக்கிறது. மாணவர்கள் இந்த இடத்தில் கணக்கு தப்பு என்று நினைத்துவிடுவார்கள். கணக்கு சரிதான், ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம், அவ்வளவே. பத்து லட்சமும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சிலவற்றில் வடிகிற அளவு அதிகம், வாசல் குறைவு, அவை 180-லேயே நிரம்பி வழிந்துவிடும். மற்றவை 300 வரை தாக்குப்பிடிக்கும். மொத்தமாகப் பார்க்கும்போது ஒரு கோட்டில் சட்டென்று ஆரம்பிக்காமல், சரிவாக ஆரம்பிக்கிறது.

நான் படித்த காலத்தில் பெனிடிக்ட் கரைசல்தான். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி நீலக் கரைசல், எட்டுச் சொட்டு சிறுநீர், கொதிக்கவைத்தால் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் செங்கல் சிவப்பாகும். அந்த நிறங்களுக்குத்தான் ஒரு பிளஸ் இரண்டு பிளஸ் என்று பெயர் வைத்தார்கள், இன்று பட்டையை நனைத்துப் பார்க்கும்போதும் அதே பிளஸ் தொடர்கிறது. வீட்டில் குளுக்கோமீட்டர் வருவதற்கு முன்னால் பலர் இதை வைத்துத்தான் சர்க்கரையைக் கணித்தார்கள். அதில் இருந்த பெரிய ஓட்டை இந்த எல்லைதான்: ரத்தத்தில் 90 இருந்தாலும் 160 இருந்தாலும் சிறுநீர் நீலமாகவே நிற்கும். இன்னும் மோசம், வருடக்கணக்கில் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அந்த எல்லையே உயர்ந்துவிடும்.

இது ஏன் என்று கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். தினமும் அதிகச் சர்க்கரை வந்து விழுவதைப் பார்த்துப் பழகிய குழாய், வீணாக விடக்கூடாது என்று தன்னைப் பெரிதாக்கிக்கொள்கிறது, அதன் கொள்ளளவு கூடுகிறது. பஞ்ச காலத்துக்கு நல்ல குணம். ஆனால் ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை மிதமிஞ்சி இருக்கும்போது, வெளியே போகவேண்டிய உபரியையும் சிறுநீரகம் பிடித்து ரத்தத்திலேயே திரும்பக் கொட்டுகிறது. சர்க்கரை நோயில் கணையத்தையும் கல்லீரலையும் பற்றிப் பேசுகிற அளவுக்குச் சிறுநீரகத்தின் இந்தப் பங்கைப் பற்றி நாம் பேசுவதில்லை.

இதிலிருந்துதான் அந்த மாத்திரையின் யோசனை பிறந்தது, ஆனால் கதை ஆப்பிள் மரத்தில் ஆரம்பிக்கிறது. 1835-ல் பெல்ஜியம் நாட்டு வேதியியலாளர்கள் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்பான பொருளைப் பிரித்தார்கள். 1886-ல் யோசஃப் ஃபான் மேரிங், ஃப்ளோரிசின் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை கொட்டுகிறது என்று கண்டார், ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறவில்லை. இந்த இரண்டும் சேர்ந்து நடப்பது அன்று பெரிய புதிர். ஃப்ளோரிசின் எஸ்ஜிஎல்டி வாசல்களின் குழியில் போய் அடைத்துக்கொள்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. 1987-ல் அமெரிக்காவில் ரால்ஃப் டிஃப்ரான்சோவின் குழு, சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்கு ஃப்ளோரிசின் கொடுத்தது. ரத்தச் சர்க்கரை இறங்கியது, அதோடு இன்சுலினுக்கு உடல் காட்டுகிற எதிர்ப்பும் குறைந்தது. மனிதனுக்கு மருந்தாகக் கொடுக்க மட்டும் வழியில்லை, ஏனென்றால் குடலிலேயே உடைந்துவிடும், அதுவரை குடலில் இருக்கிற எஸ்ஜிஎல்டி-1-ஐயும் அடைத்து வயிற்றுப்போக்கை வரவழைக்கும். அதனால் அதன் அமைப்பை மாற்றி, குடலில் உடையாததாகவும் எஸ்ஜிஎல்டி-2-ஐ மட்டும் குறிவைப்பதாகவும் செய்தார்கள். டாபாக்ளிஃப்ளோசின் 2012-ல் ஐரோப்பாவிலும், கானாக்ளிஃப்ளோசின் 2013-லும் எம்பாக்ளிஃப்ளோசின் 2014-லும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றன. பெயரின் கடைசியில் வருகிற "ஃப்ளோசின்" அந்த ஆப்பிள் பட்டைக் கசப்பை நினைவுபடுத்துகிறது. இந்தியாவில் டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்ததும் நிறைய கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்து விலை நன்றாக இறங்கியது. உங்கள் அப்பாவைப் போன்ற பலருக்கு இது எழுதப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாத்திரை எஸ்ஜிஎல்டி-2-ஐ அடைத்தால் 90 சதவீதச் சர்க்கரை வெளியே போகவேண்டுமே என்று தோன்றும். போவதில்லை. 30 முதல் 50 சதவீதம்தான் போகிறது. தொடக்கத்தில் தப்பி வருகிற சர்க்கரையை, பின்னால் காத்திருக்கிற எஸ்ஜிஎல்டி-1 தன் முழு பலத்தோடு பிடித்துக்கொள்கிறது. சாதாரண நாட்களில் அதற்கு வருவது சொற்பம் என்பதால் அதன் உண்மையான திறன் வெளியே தெரிவதே இல்லை. சர்க்கரை நோயாளிக்கு ஒரு நாளில் சுமார் 60 முதல் 80 கிராம் குளுக்கோஸ் சிறுநீரில் வெளியேறும், கலோரியாக 240-லிருந்து 320. இந்த மாத்திரையால் மட்டும் லோ சுகர் அரிதாகவே வருவதற்கும் இதுவே காரணம்: ரத்தச் சர்க்கரை குறையக் குறைய வடிகிற சர்க்கரையும் குறையும், எஸ்ஜிஎல்டி-1 மிச்சத்தைப் பிடித்துவிடும். இன்சுலினோ, கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ கூட இருந்தால் மட்டும் கவனம் வேண்டும்.

இப்போது சோடியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த மாத்திரைகளின் பெரிய வியப்பு சர்க்கரைப் பக்கம் வரவில்லை, உப்புப் பக்கம் வந்தது.

குழாய் கொஞ்ச தூரம் போய், வளைந்து, தான் கிளம்பிய வடிகட்டியின் பக்கத்திலேயே வந்து உரசிச் செல்லும். அந்த இடத்தில் மேக்யுலா டென்சா என்ற ஒரு சிறு செல் கூட்டம் உப்பை ருசி பார்த்துக்கொண்டே இருக்கும். உப்பு அதிகம் வந்தால் "வடிவது அதிகமாகிவிட்டது" என்று உள்ளே வருகிற ரத்தக்குழாயைச் சுருக்கும், குறைவாக வந்தால் விரிக்கும். சர்க்கரை நோயில் எஸ்ஜிஎல்டி-2 மும்முரமாக வேலை செய்து சர்க்கரையோடு சேர்த்து உப்பையும் முன்பே உறிஞ்சிவிடுவதால், மேக்யுலா டென்சாவுக்கு உப்பு குறைவாக வருகிறது. வடிகட்டல் போதவில்லை என்று தவறாகப் புரிந்துகொண்டு ரத்தக்குழாயை விரிக்கிறது. விளைவு, வடிகட்டியில் அழுத்தம் ஏறுகிறது. வருடக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி வடிகட்டிகள் தழும்பாகின்றன. சர்க்கரை நோய் கிட்னியைக் கெடுக்கிற பாதைகளில் இது முக்கியமான ஒன்று. எஸ்ஜிஎல்டி-2-ஐ அடைத்தால் உப்பு மீண்டும் மேக்யுலா டென்சாவை எட்டும், ரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் இறங்கும். அதனால்தான் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் சற்றே ஏறினமாதிரி தெரியலாம். அது வடிகட்டியின் மேல் இருந்த பாரம் இறங்குவதன் அடையாளம், பெரும்பாலும் பிறகு நிலைத்துவிடும். எவ்வளவு ஏற்றம் பரவாயில்லை, எவ்வளவு என்றால் வேறு காரணம் தேடவேண்டும் என்பதை மட்டும் டாக்டர் முடிவு செய்யட்டும்.

2015-ல் எம்பாக்ளிஃப்ளோசினை வைத்து நடந்த பெரிய ஆய்வில், இதய நோயும் சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தவர்களிடையே இதய ரத்தநாளக் காரணத்தால் ஏற்பட்ட மரணம் 38 சதவீதம் குறைந்தது, இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதம் குறைந்தது. இதயத்துக்குத் தீங்கு செய்யவில்லை என்று நிரூபிக்கத்தான் அந்த ஆய்வே தொடங்கப்பட்டது. 2019-ல் டாபாக்ளிஃப்ளோசின் சர்க்கரை நோய் இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் உதவியது, 2020-ல் சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும். இன்னொரு கவனிக்கத்தக்க விஷயம்: வடிகட்டும் அளவு குறைந்துபோன சிறுநீரகத்தில் இந்த மாத்திரை ரத்தச் சர்க்கரையை அவ்வளவாகக் குறைப்பதில்லை, வடிகிற சர்க்கரையே குறைவு என்பதால். ஆனால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கிற நன்மை அப்படியே நிற்கிறது. சர்க்கரை மாத்திரை என்று மட்டும் பார்த்தால் இந்த முடிவுகளுக்கு விளக்கமே கிடைக்காது.

குடலுக்கும் ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். சிறுநீரகக் குழாயில் பின்னால் காத்திருக்கிற அதே எஸ்ஜிஎல்டி-1தான் சிறுகுடலில் நாம் சாப்பிட்ட குளுக்கோஸை உறிஞ்சுகிறது. காலராவில் குடல் உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்டும், ஆனால் இந்த வாசல் மட்டும் பழுதாவதில்லை. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் நிற்காது. கூடவே குளுக்கோஸ் கொடுத்தால் இரண்டும் ஒன்றாக உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீத அளவில் இருந்த காலரா மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்றைய ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியமும் குளுக்கோஸும் சரிசமமாக 75 மில்லிமோல். வயிற்றுப்போக்குக்கு நம் வீடுகளில் உப்புப் போட்ட கஞ்சி கொடுப்பதும் இந்த வாசலைத்தான் தட்டுகிறது, அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து உப்போடு சேர்ந்து நுழையும்.

இந்த வாசல்கள் பிறவியிலேயே இல்லாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்தால் இரண்டு வாசல்களின் வித்தியாசம் தெளிவாகிவிடும். எஸ்ஜிஎல்டி-1 பழுதான குழந்தை பிறந்த சில நாட்களிலேயே தாய்ப்பாலைக்கூட ஏற்காது, கடும் வயிற்றுப்போக்கு, கண்டுபிடிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. பாலில் இருக்கிற சர்க்கரை உடைந்து வருகிற குளுக்கோஸும் கேலக்டோஸும் உள்ளே போக அது ஒன்றுதான் வழி. ஃபிரக்டோஸ் மட்டும் உள்ள பால்மாவு கொடுத்தால் அந்தக் குழந்தை தேறிவிடும், ஏனென்றால் ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல். எஸ்ஜிஎல்டி-2 பழுதானவர்களோ பெரும்பாலும் நன்றாகவே வாழ்கிறார்கள். சிறுநீரில் மட்டும் எப்போதும் சர்க்கரை, ரத்தம் முற்றிலும் இயல்பு. இப்படிப்பட்ட ஒருவரின் சிறுநீர் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துச் சர்க்கரை நோய் என்று மருந்து ஆரம்பித்துவிடுவது எவ்வளவு பெரிய தவறு என்று யோசித்துப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் வடிகட்டல் கூடுவதால் ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தாலும் சிறுநீரில் ஒரு பிளஸ் வரலாம், பயப்படாமல் ரத்தத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

இனி உங்கள் அப்பாவுக்கு. சிறுநீரில் சர்க்கரை இருப்பதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும், அரிப்போ சிவப்போ இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், எளிதில் சரியாகிவிடும். ஒவ்வொரு முறையும் சிறுநீர் கழித்தபின் தண்ணீரால் கழுவிக்கொள்வது நல்லது. சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும் (சர்க்கரை ஏறினால் அடிக்கடி சிறுநீர் போவதும் இதனால்தான்) என்பதால் வெயில் நாட்களில் போதுமான தண்ணீர் குடிக்கவேண்டும், ஏற்கெனவே பிபிக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிட்டால் தலைசுற்றலைக் கவனிக்கவேண்டும். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல், நீண்ட உண்ணாவிரதம், இந்த நாட்களில் மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் பேசுங்கள், ஏனென்றால் ரத்தச் சர்க்கரை 200-ஐக்கூடத் தொடாமலேயே கொழுப்பு எரிவதில் உண்டாகிற கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகிற ஆபத்து அப்போது உண்டு. குளுக்கோமீட்டரில் நல்ல எண் வருகிறது என்று நம்பி ஏமாந்துவிடக்கூடாது, வயிற்றுவலியும் மூச்சு வாங்குவதும் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை இருந்தால் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்பே இதை நிறுத்தச் சொல்வார்கள், மயக்க மருந்து டாக்டரிடம் இந்த மாத்திரை பற்றி மறக்காமல் சொல்லவேண்டும்.

மற்றபடி சிறுநீரில் சர்க்கரையைப் பார்த்து எதையும் மாற்றவேண்டாம், இந்த மாத்திரை இருக்கும்வரை அந்தப் பெட்டியில் பிளஸ்தான் வரும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பாருங்கள், ரத்தத்தில் கிரியேட்டினினைப் பாருங்கள், சர்க்கரை கட்டுப்பாட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்த மாதங்களின் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை. அடுத்த முறை லேபில் மாதிரி கொடுக்கும்போது படிவத்திலேயே "டாபாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறார்" என்று எழுதிவிடச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டைப் பார்க்கிற அடுத்தவரும் பதறவேண்டாம்.